கல்லுக்கு அடியில் ஒரு நெசவாளி: கேடிஸ் ஈக்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

ஓடை நீரின் தரத்தை அதில் வாழும் சிற்றுயிர்களைக் கொண்டு கணிக்கும் முறையைச் சென்ற இதழில் விளக்கியபோது, கேடிஸ் ஈ என்னும் பூச்சியின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்தவற்றில் ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்து, இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அந்தப் பூச்சிக்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஆழமில்லாத ஓடை ஒன்றில், தரையோடு கிடந்த ஒரு சிறு குச்சி நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் மெல்ல நகர்வதைக் கண்டேன். கையில் எடுத்ததும் அசைவு நின்றுவிட்டது. நீங்கள் குறிப்பிட்ட பூச்சி அதுதானா?

பதில்: பெரும்பாலும் அதுவேதான். நீங்கள் எடுத்தது குச்சியன்று. மரத்துணுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த ஒரு குழாய். கேடிஸ் ஈயின் புழு அந்தக் குழாய்க்குள் உடலை வைத்துக்கொண்டு, தலையையும் மூன்று இணைக் கால்களையும் மட்டும் முன்பக்கம் நீட்டி, வீட்டை இழுத்துக்கொண்டே நடக்கும். ஆபத்து என்று உணர்ந்த கணத்தில் முழுவதுமாக உள்ளே போய்விடுவதால், கையில் இருப்பது வெறும் சருகுத்துண்டு என்று எண்ணித் தூக்கி எறிந்துவிடுவோம்.

அடுத்த முறை, வெண்ணிறக் கிண்ணம் ஒன்றில் அதே ஓடையின் நீரை இரண்டு விரற்கடை அளவுக்கு ஊற்றி, அந்தக் குழாயை அதில் இட்டு, உங்கள் நிழல் விழாதபடி சில நிமிடங்கள் அசையாமல் காத்திருங்கள். முதலில் குழாயின் வாயில் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரியும், அது தலை. பிறகு கால்கள் ஒவ்வொன்றாக வெளிவந்து தரையைத் தடவிப் பார்க்கும். தலையும் மார்பின் முன்பகுதியும் கெட்டியான தகடுகளால் மூடப்பட்டிருப்பதையும், அதற்குப் பின்னால் வெளுத்த, மெத்தென்ற வயிறு தொடங்குவதையும் கைக்கண்ணாடி இருந்தால் காணலாம். வெளியே தெரிவது கவசம், உள்ளே மறைவது சதை. உறை எதற்காக என்பதற்கு இந்த ஒரு காட்சியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

புழுவைப் பிடித்து இழுக்க மட்டும் முயல வேண்டாம். வயிற்றின் நுனியிலுள்ள இரண்டு கொக்கிகளால் அது உறையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும். இழுத்தால் பிடி விடுவதற்கு முன் உடல் கிழிந்துவிடக்கூடும்.

கேள்வி: இது ஈ வகையைச் சேர்ந்ததா? தமிழில் இதற்குப் பெயர் உண்டா?

பதில்: ஈ அன்று. ஈக்களுக்கு இரண்டு இறகுகளே உண்டு, இதற்கு நான்கு. இறகுகள் மீது செதில்களுக்குப் பதிலாக நுண்மயிர்கள் அடர்ந்திருப்பதால், 1813-ஆம் ஆண்டில் வில்லியம் கிர்பி என்ற ஆங்கிலேயப் பூச்சியியலார் இந்த வரிசைக்கு டிரைக்கோப்டீரா என்று பெயரிட்டார்; கிரேக்க மொழியில் அதற்கு மயிர்ச்சிறகு என்று பொருள். இதன் நெருங்கிய உறவினர்கள் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்தான். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே பிரிந்துபோன இந்த இரு கிளைகளும் பொதுவான மூதாதையிடமிருந்து பெற்ற ஒரு சொத்தை இன்றுவரை கைவிடவில்லை. அது, புழுப்பருவத்தில் வாயருகே சுரக்கும் பட்டு நூல். கேடிஸ் ஈயின் வாழ்க்கையில் வியப்பூட்டும் செயல்களில் மிகுதியானவை அந்த நூலிலிருந்தே தொடங்குகின்றன என்பதை மேலே படிக்கும்போது காண்பீர்கள்.

தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லாததால் ஒலிபெயர்ப்பையே நானும் ஆள்கிறேன். கூட்டைச் சுமக்கும் புழு என்பதால் கூட்டுப்புழு என்று அழைக்கலாமே என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அந்தச் சொல் உண்ணாமல் உறங்கி உருமாறும் பருவத்துக்கு ஏற்கெனவே உரிமையாகிவிட்டது; கேடிஸ் ஈக்கும் அந்தப் பருவம் உண்டு. எனவே இப்பக்கங்களில் புழு சுமக்கும் வீட்டை உறை என்றே எழுதுகிறேன். மரங்களில் குச்சிகளைக் கோத்துக் கூண்டு கட்டித் தொங்கும் கூண்டுப்புழுவைப் பார்த்திருப்பவர்கள் இதையும் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். கூண்டுப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழு. அதே கைவேலையை இந்த உறவினர் நீருக்குள் செய்கிறார்.

கேள்வி: நீருக்குள் எந்தப் பசையும் ஒட்டாதே. மணலை இது எதைக் கொண்டு ஒட்டுகிறது? கட்டும் முறையைச் சற்று விரிவாக எழுதுவீர்களா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஈரமான பரப்பில் நம் பசைகள் தோற்பதற்குக் காரணம், பசைக்கும் பொருளுக்கும் நடுவே நீர் ஒரு மெல்லிய ஏடாக நின்று இரண்டும் தொடாதபடி தடுத்துவிடுவதுதான். புழுவின் பட்டு அந்தத் தடையை வேதியியலால் வெல்கிறது. உடலின் இருபுறமும் நீண்டு மடிந்திருக்கும் இரண்டு சுரப்பிகளிலிருந்து வரும் புரதக் குழம்பு, கீழுதட்டின் நுனியிலுள்ள சிறு துளை வழியே, இரண்டு இழைகள் பக்கவாட்டில் ஒட்டிய நாடாவாக வெளியேறுகிறது. அந்தப் புரதத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலங்களில் பலவற்றின்மீது பாஸ்பேட் ஏற்றப்பட்டிருக்கிறது. பாஸ்பேட்டின் எதிர்மின்சுமையும் கால்சியம் அயனிகளின் நேர்மின்சுமையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், நூல் நீரில் கரையாமல் இறுகுகிறது. இழுத்தால் அறுந்துவிடாமல் நீண்டு, விட்டபின் மெல்ல மெல்லப் பழைய நீளத்துக்குத் திரும்பும் இயல்பும் அதற்கு உண்டு. ஓயாமல் அடித்துச்செல்லும் நீரில் விறைப்பான நூலைவிட இவ்வகை நூலே நிலைக்கும். ஈரமான திசுக்களை ஒட்டும் மருத்துவப் பசைகளை உருவாக்க முயல்வோர் இந்தப் பட்டை உன்னிப்பாக ஆராய்வதில் வியப்பில்லை.

இனி, கட்டும் முறை. உறை இழந்த புழு முதலில் கைக்குக் கிடைத்த துணுக்குகளை அவசரமாகச் சேர்த்து உடலைச் சுற்றி ஒரு தற்காலிகப் பட்டை போட்டுக்கொள்ளும். அதன் பிறகுதான் முறையான வேலை தொடங்கும். முன்னங்கால்களால் ஒரு மணலை எடுக்கும்; திருப்பும்; வாயருகே வைத்து மீண்டும் திருப்பும்; பிடிக்காவிட்டால் போட்டுவிடும். பொருந்தும் மணல் கிடைத்தால் உறையின் முன்விளிம்பில் அதை வைத்து, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து நூலால் தைக்கும். ஓரிடத்தில் பள்ளம் இருந்தால் அதற்கேற்ற சிறு மணலைத் தேடிச்செல்லும் அந்தப் பொறுமையைக் கருங்கல் சுவர் எழுப்பும் கொத்தனாரிடம் மட்டுமே கண்டிருக்கிறேன். உட்சுவர் முழுவதும் பட்டால் மெழுகப்படுகிறது. புழு வளர வளர முன்பக்கம் அகலமான வளையங்களைச் சேர்த்து, ஒடுங்கிய பின்பக்கத்தைக் கடித்து நீக்கிவிடும். அதனால் வீடு எப்போதும் உடலின் அளவிலேயே இருக்கும்.

எந்தப் பொருளால், எந்த வடிவில் கட்டுவது என்பது பெரும்பாலும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபடும். சில வகைகள் இலைத்துண்டுகளை வெட்டிச் சுருளாக அடுக்குகின்றன. சில சதுரக் குறுக்குவெட்டுள்ள சிறு கோபுரம் எழுப்புகின்றன. சில மணல் உறையின் இருபுறமும் பெரிய கூழாங்கற்களை ஒட்டி, வெள்ளம் புரட்டிவிடாதபடி பாரம் ஏற்றிக்கொள்கின்றன. குளங்களில் வாழும் ஒருவகை, நத்தை ஓடுகளை ஒட்டும்போது உள்ளே உயிரோடு நத்தை இருக்கிறதா என்று பார்ப்பதேயில்லை; பாவம், அந்த நத்தை புழு போகும் இடமெல்லாம் போக வேண்டியதுதான். ஹெலிகோசைக்கே என்னும் பேரினத்தின் உறையோ மணலால் ஆன அசல் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும். 1834-இல் ஐசக் லீ என்ற அமெரிக்க நத்தை ஆய்வாளர் அதை ஒரு புதிய நத்தை இனம் என்றே கருதி, வால்வாட்டா அரெனிஃபெரா என்று பெயர் சூட்டிவிட்டார். நத்தைகளில் கைதேர்ந்தவரையே ஏமாற்றிய உறை அது.

கேள்வி: கேடிஸ் ஈக்கள் எல்லாமே உறை சுமப்பவையா?

பதில்: இல்லை. உலகில் பெயரிடப்பட்டுள்ள 16,000-க்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பகுதி உறை கட்டினாலும், அதே நூலை வேறு விதமாகப் பயன்படுத்தும் குழுக்களும் உண்டு. ஓடையைப் பொறுத்தவரை அவர்களே செல்வாக்கு மிக்கவர்கள் என்பது என் எண்ணம்.

ஹைட்ரோசைக்கிடே குடும்பத்துப் புழு, வேகமான நீரிலுள்ள கல்லின்மீது சிறு மறைவிடம் ஒன்றைக் கட்டி, அதன் வாயிலில் நீரோட்டத்துக்கு முகம் காட்டும் சல்லடை வலை ஒன்றைப் பின்னுகிறது. வலையின் கண்கள் ஏறக்குறையச் சதுரமாக, வரிசை பிசகாமல் இருக்கும். மிதந்துவரும் பாசித்துணுக்கும் சருகுத்தூளும் சிற்றுயிர்களும் அதில் தங்கும். புழு வெளியே வந்து வலையை மேய்ந்துவிட்டு மறைவிடத்துக்குத் திரும்பும். நல்ல இடத்துக்குப் போட்டி அதிகம். அயலான் ஒருவன் நுழைந்தால், உள்ளே இருப்பது தலையின் அடிப்பக்கமுள்ள வரிகளின்மீது முன்னங்காலைத் தேய்த்து ஒலி எழுப்பி எச்சரிக்கும். ஃபிலோபொடாமிடே குடும்பத்தின் வலை விரல்போன்ற நீண்ட பை. அதன் கண்களில் சில ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அகலம் உடையவை என்பதால் பாக்டீரியாவைக்கூட வடித்துவிடும்.

ரையகோஃபிலிடே குடும்பத்தில் வலையும் இல்லை, வீடும் இல்லை. கற்களுக்கிடையே திரிந்து மற்றப் பூச்சிகளை வேட்டையாடும் இந்தப் புழுக்கள், நீர் அடித்துக்கொண்டுபோகாமல் இருக்க ஒரு பாதுகாப்புக் கயிறாக மட்டும் நூலைப் பின்னால் விட்டுச்செல்லும். குளோசோசோமாடிடே குடும்பம் ஆமையோடு போன்ற கவிந்த கல்வீட்டைத் தூக்கிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். மிகச் சிறியவையான ஹைட்ரோப்டிலிடே புழுக்கள் கடைசிப் பருவம் வரை உறையே இல்லாமல் திரிந்து, அதன் பிறகே பணப்பை போன்ற ஒன்றைக் கட்டும்; பாசி இழையின் செல்களைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுவது இவற்றில் பலவற்றின் தொழில்.

கேள்வி: குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும் புழு எப்படி மூச்சுவிடும்?

பதில்: தோலாலும், பல இனங்களில் வயிற்றில் தொங்கும் இழைபோன்ற செவுள்களாலும். குழாய்க்குள் நீர் தேங்கிவிடாமலிருக்கப் புழு தன் வயிற்றை அலைபோல ஓயாமல் நெளிக்கிறது. முன்வாயில் வழியே புதிய நீர் நுழைந்து பின்துளை வழியே வெளியேறும். வயிற்றின் முதல் கண்டத்திலுள்ள மூன்று சிறு திமில்கள் உடலைச் சுவரிலிருந்து விலக்கி, நீர் ஓட வழி விடுகின்றன. கடல்மட்ட அழுத்தத்தில், 10 பாகை செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் ஏழரை மட்டுமே. வேகமாக ஓடும் குளிர்ந்த ஓடைகளில் இவற்றின் வகைகள் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: புழு எப்போது பறக்கும் பூச்சியாகிறது? நீருக்குள் இருந்து இறகு நனையாமல் எப்படி வெளியே வருகிறது?

பதில்: பெரும்பாலான இனங்களில் புழு ஐந்து பருவங்களைக் கடக்கும், மொத்த வாழ்நாளின் பெரும்பகுதி, பல இனங்களில் ஏறத்தாழ ஓராண்டு, புழுவாகவே கழிகிறது. முழுவளர்ச்சி பெற்றதும் அது உறையைக் கல்லோடு நூலால் கட்டிவிட்டு, இருமுனைகளையும் நீர் மட்டும் புகும்படி பட்டுச் சல்லடையாலும் சிறு கற்களாலும் அடைத்துக்கொள்ளும். வலை பின்னும் வகைகளும் வீடின்றித் திரியும் வகைகளும்கூட இந்தக் கட்டத்தில் கல்லால் ஒரு கூடு கட்டிக்கொள்கின்றன. உள்ளே கூட்டுப்புழுவாக மாறிச் சில வாரங்கள் கிடக்கும்.

இதற்குப் பிறகு நடப்பதை விரைவாகச் சொல்லிவிட மனம் வரவில்லை. வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு அசையாமல் தொங்கும். கேடிஸ் ஈயின் கூட்டுப்புழுவுக்கோ வலிய தாடைகள் உண்டு. அந்தத் தாடைகள் எதையும் தின்பதற்கல்ல. கதவை அறுத்துத் திறக்கும் ஒரே வேலைக்காக உண்டானவை. வேலை முடிந்ததும் பழைய தோலோடு சேர்ந்து கழன்றுவிடும். கதவைத் திறந்து வெளிவரும் உயிர், தோற்றத்தில் கூட்டுப்புழு. அந்தத் தோலுக்குள் இறகு மடித்து முழுப்பூச்சி தயாராக இருக்கும். மயிர் விளிம்புகட்டிய நடுக்கால்களைத் துடுப்பாக வலித்து அது மேலே நீந்துகிறது. நீர்ப்பரப்பை எட்டியதும், அல்லது கரையோரக் கல்லில் ஏறியதும், முதுகுத்தோல் பிளந்து, நனையாத இறகுகளோடு பூச்சி எழும்பிவிடும். மீன்களுக்கு இது விருந்து நேரம். இந்தச் சில நொடிப் பயணத்தை உற்றுப் பார்த்துத்தான் தூண்டில்காரர்கள் இறகும் நூலும் கட்டிப் போலிப் பூச்சிகள் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

முழுப்பூச்சி பார்ப்பதற்கு மங்கிய பழுப்பு அந்துப்பூச்சி போலிருக்கும். அமரும்போது இறகுகளை ஓட்டுக்கூரைபோல உடல்மேல் சாய்த்து வைப்பதும், உடல் நீளத்தை எட்டும் அல்லது மிஞ்சும் உணர்கொம்புகளும் அடையாளம். சுருட்டிவைக்கும் உறிஞ்சுகுழல் கிடையாது. சில இனங்கள் தேனையோ நீரையோ நக்கிப் பருகும், திட உணவு எதுவும் இல்லை. சில நாள்களிலிருந்து சில வாரங்கள் வரை உயிர்வாழ்ந்து, இணை சேர்ந்து, பல நூறு முட்டைகளைக் கூழ்போன்ற திரளாக இடும். சில இனங்களின் பெண்பூச்சிகள் முட்டையிடுவதற்காக மீண்டும் நீருக்குள் இறங்கிக் கல்லின் அடிவரை செல்லும். வேறு சில, நீருக்குமேல் தொங்கும் இலையில் இட்டுவிடுகின்றன.

கேள்வி: விளக்கு வெளிச்சத்துக்கு இவை கூட்டமாக வந்து மொய்ப்பதுண்டு என்கிறார்கள். கடிக்குமா?

பதில்: கடிக்காது, கொட்டாது, அதற்கான உறுப்பே இல்லை. பெரிய ஆறுகளின் ஓரத்தில் பெருந்திரளாக எழும்பும் காலத்தில், உதிரும் நுண்மயிர்கள் சிலருக்கு மூச்சு ஒவ்வாமையை உண்டாக்குவதுண்டு. ஆற்றை நோக்கிய விளக்குகளைக் குறைப்பது நல்லது.

கேள்வி: ஓர் ஓடையில் இந்தப் புழுக்கள் இல்லாமற்போனால் உண்மையில் என்ன குறையும்? எல்லா உயிரினத்தையும் பற்றி இயற்கைக்கு முக்கியம் என்று சொல்லிவிடுகிறார்கள்; காரணம் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. காரணங்களை மட்டும் சொல்கிறேன்.

மரங்கள் கவிந்த சிற்றோடைகளில் வெயில் தரைக்கு எட்டாததால் பாசி அதிகம் வளர்வதில்லை. அங்கே உணவுச் சங்கிலியின் முதல் கண்ணி உதிர்ந்த இலைதான். விழுந்த இலையைப் புழு உடனே தொடாது. நீர்வாழ் பூஞ்சைகளும் பாக்டீரியாவும் சில வாரங்கள் அதில் குடியேறி மென்மையாக்கிய பின்னரே, உறை சுமக்கும் பல இனங்கள் அதைக் கடித்துக் கிழித்து உண்கின்றன. சருகைவிட அதில் ஊறிய பூஞ்சையே சத்து மிகுந்தது. புழு உண்டதில் பெரும்பகுதி செரிக்காமல் எச்சமாகவும், கிழிக்கும்போது சிதறும் தூளாகவும் நீரோடு போகிறது. கீழே வலைகட்டிக் காத்திருக்கும் உறவினர்களுக்கும் மற்ற வடித்துண்ணிகளுக்கும் அந்தத் தூளே சாப்பாடு. ஓரிடத்தில் கிழிப்பவர், மற்றோரிடத்தில் வடிப்பவர் என இருவேறு தொழிலையும் ஒரே பூச்சி வரிசை செய்வதால், இலையாக ஓடைக்குள் விழுந்த சத்து அப்படியே அடித்துச்செல்லப்படாமல் பலமுறை உயிருடம்புகளுக்குள் புகுந்து மீள்கிறது. ஏரிகளிலிருந்து ஆறு புறப்படும் இடங்களில் வலை பின்னுவோர் சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் நெருங்கி வாழ்வதுண்டு; ஏரி அனுப்பும் மிதவையுயிர்கள் அவ்வளவு பேரையும் தாங்குகின்றன.

பாசியைச் சுரண்டும் வகை எவ்வளவு வலியது என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஓடைகளில் இயற்கையே ஒரு சோதனையாக நடத்திக் காட்டியது. அங்கே குளோசோசோமா என்னும் ஆமையோட்டுப் புழு, கற்களின் மேலிருந்த பாசிப்படலத்தை எப்போதும் வழித்தெடுத்தபடியே இருந்தது. நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்று பரவி அந்தப் புழுக்களின் எண்ணிக்கை சரிந்தபோது, பாசி தடித்தது; அதுவரை எண்ணிக்கையில் ஒடுங்கியிருந்த மற்ற மேய்ச்சல் பூச்சிகளும் பெருகின. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு புழு, ஓடையில் யார் எத்தனை பேர் வாழலாம் என்பதையே தீர்மானித்துக்கொண்டிருந்தது என்பது அது நோயுற்ற பிறகே வெளிப்பட்டது.

மூன்றாவது பணி கண்ணுக்குத் தெரியாதது. வலை பின்னும் புழுக்கள் கூழாங்கல்லைக் கூழாங்கல்லோடு நூலால் பிணைத்துவிடுகின்றன. புழுக்கள் குடியிருக்கும் சரளைத் தரையையும் வெறும் சரளைத் தரையையும் ஒப்பிட்டு அளந்தவர்கள், முன்னதைப் பெயர்ப்பதற்கு நீரோட்டம் கூடுதல் விசையோடு வரவேண்டியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பெருவெள்ளத்தை நூல் தடுத்துவிடாது. சிறு, நடுத்தர வெள்ளங்களில் தரை புரளாமல் இருப்பதில் அதற்குப் பங்குண்டு.

நீருக்கு வெளியிலும் இவற்றின் கணக்கு தொடர்கிறது. ஓடை தின்று வளர்த்த சத்து, இறகு முளைத்து அந்தியில் கரையேறும்போது வௌவாலும் தகைவிலான் குருவியும் கரையோரச் செடிகளில் வலைகட்டிய சிலந்தியும் அதைப் பெற்றுக்கொள்கின்றன. காட்டிலிருந்து இலையாக வந்தது பூச்சியாகக் காட்டுக்கே திரும்புகிறது.

கேள்வி: கேடிஸ் ஈப் புழு இருந்தால் அந்த நீர் தூய்மையானது, குடிக்கலாம் என்று எங்கள் பள்ளி மாணவர்களிடம் சொல்லலாமா? நான் அறிவியல் ஆசிரியை.

பதில்: குடிக்கலாம் என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம். நோய்க்கிருமிகள் இருக்கும் நீரிலும் இந்தப் புழுக்கள் நலமாக வாழும். இவை காட்டுவது ஆக்சிஜன் வளத்தையும் கரிமக் கழிவின் அளவையும் வாழிடத்தின் நிலையையுமே. ஆய்வாளர்கள் இவற்றை மேஃபிளை, கல் ஈ ஆகிய இரு வரிசைகளோடு சேர்த்து, மூன்றின் இனங்களையும் எண்ணி ஓடையை மதிப்பிடுகிறார்கள். புழுக்களில் ஒன்று கிடைத்தது என்பதைவிட எந்தக் குடும்பம் கிடைத்தது, எத்தனை வகை கிடைத்தன என்பவையே பேசும். பிரிட்டனில் 1970-களில் உருவாகிப் பல நாடுகள் பின்பற்றிய மதிப்பெண் முறையில், கழிவைத் தாங்காத குடும்பங்களுக்கு 10, மண்புழு இனத்து நீர்ப்புழுக்களுக்கு 1 என்று அளவுகோல் அமைந்தது. அதில் உறை கட்டும் கேடிஸ் குடும்பங்கள் பலவற்றுக்கு 10. ஹைட்ரோசைக்கிடேக்கு 5 மட்டுமே. மிதமான கழிவு கலந்த ஆற்றில், உணவுத்தூள் கூடுதலாகக் கிடைப்பதால் பின்னது பெருகவும் செய்யும்.

மாணவர்களுக்குக் காட்ட ஏற்ற செய்தி ஒன்று உண்டு. மாசடைந்த நீரில் ஹைட்ரோசைக்கே புழு உயிரோடு இருந்தாலும் அதன் வலை கோணலாகும். ஒழுங்கான சதுரக் கண்களுக்கு நடுவே தாறுமாறாக ஓடும் இழைகள் தோன்றுவதை 1980-களிலேயே பதிவுசெய்திருக்கிறார்கள். ஆறு தாங்கும் எல்லையைத் தாண்டினால் இனமே அழிவதும் உண்டு: ஜெர்மனியின் ரைன் ஆற்றில் வாழ்ந்த ஹைட்ரோசைக்கே தோபியாசி, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் யார் கண்ணிலும் படாமல், அற்றுப்போன இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

கேள்வி: அணைகளால் இவற்றுக்குப் பாதிப்பு உண்டா?

பதில்: உண்டு. மின்தேவைக்கு ஏற்ப அணைநீரை நாள்தோறும் ஏற்றி இறக்கும்போது, நீர்விளிம்பை ஒட்டிக் கற்களில் இடப்பட்ட முட்டைகள் அடுத்த சில மணி நேரத்தில் வெயிலில் காய்ந்துவிடுகின்றன. கொலராடோ ஆற்றின் கிளென் கான்யன் அணையில் 2018-ஆம் ஆண்டில், மே முதல் ஆகஸ்ட் வரை வார இறுதி நாள்களில் மட்டும் நீரைத் தாழ்வாக, ஏற்ற இறக்கமின்றி விட்டுப்பார்த்தார்கள். அந்த நாள்களில் இட்ட முட்டைகள் பின்னர் நீர் உயரும்போதும் மூழ்கியே இருக்கும் என்பது கணக்கு. அந்த ஆண்டில் கேடிஸ் ஈக்கள் தெளிவாகப் பெருகின.

கேள்வி: நன்னீரைத் தவிர வேறெங்கும் இவை வாழ்வதில்லையா?

பதில்: விதிவிலக்குகள் மிகச் சில, ஆனால் சுவையானவை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடற்கரைப் பாறைக் குட்டைகளில் வாழும் ஃபிலானிசஸ் ப்ளீபியஸ், தன் முட்டைகளை நட்சத்திர மீனின் உடற்குழிக்குள் இடுகிறது. மேற்கு ஐரோப்பாவின் எனாய்சிலா பூசில்லா நீரையே துறந்து, காட்டுத்தரைச் சருகுகளிடையே உறை சுமந்து திரிகிறது. அதன் பெண்பூச்சிக்குப் பறக்கும் இறகும் இல்லை.

கேள்வி: ஒரு கலைஞர் இந்தப் புழுக்களுக்குத் தங்கம் கொடுத்து நகை செய்ய வைத்தார் என்ற செய்தி உண்மையா? அப்படியானால் எதைக் கொடுத்தாலும் கட்டிவிடுமா?

பதில்: உண்மைதான். பிரெஞ்சுக் கலைஞர் யூபேர் துப்ரா 1980-களின் தொடக்கத்திலிருந்து, உறையிலிருந்து வெளியேற்றிய புழுக்களைத் தொட்டியில் விட்டு, மணலுக்குப் பதிலாகத் தங்கத் தகடும் முத்தும் மணிக்கற்களும் கொடுத்தார். புழுக்கள் வழக்கம்போலத் திருப்பிப் பார்த்து, பொருத்தி, தைத்தன. தங்கம் என்பது அவற்றுக்கு இன்னொரு மணல்.

வீட்டில் இதைச் செய்துபார்க்க விரும்புவோர் ஒன்றை நினைவில் கொள்ளட்டும்: பட்டு புரதத்தால் ஆனது. உண்ணாத கூட்டுப்பருவத்துக்கும் பூச்சிப் பருவத்துக்குமான சேமிப்பிலிருந்துதான் அந்தப் புரதம் செலவாகிறது. ஆய்வகத்தில் வீட்டை மீண்டும் கட்ட நேர்ந்த புழுக்கள், உடலின் சில பகுதிகள் எடை குறைந்த பூச்சிகளாகவே வெளிவந்தன.

எதைக் கொடுத்தாலும் கட்டுமா என்ற கேள்விக்கு ஆறுகளே விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரிலுள்ள நேச்சுராலிஸ் அருங்காட்சியகத்தில், பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த உறைகளை அண்மையில் எடுத்து ஆராய்ந்தபோது, 1971-ஆம் ஆண்டில் ஓடையிலிருந்து எடுத்த ஓர் உறையிலேயே பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. நுண்பிளாஸ்டிக் என்ற சொல் பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு புழு அதைப் பொறுக்கி எடுத்து, வாயருகே வைத்துத் திருப்பிப் பார்த்து, சுவரில் தைத்துவிட்டிருந்தது. பிளாஸ்டிக் கலந்த உறைகள் மணல் உறைகளைவிட எளிதில் நொறுங்குவதாகச் சோதனைகள் காட்டுகின்றன. மணலைவிட எடை குறைந்த அந்தத் துணுக்கு, புழுவைத் தரையில் அழுத்தி வைக்கும் பாரத்தையும் குறைத்துவிடும்.